மங்கல் நிறங்களின் கட்சிக்காரி

"இதென்ன கலர், துவைச்சுத் துவைச்சு வெளுத்த மாதிரி?" என் கம்பளி நூலைப் பார்க்கும் அத்தைமார் எல்லோரும் கேட்பது இதுதான். கல்யாணப் பட்டில் அரக்கும் மாம்பழ மஞ்சளும் தேடுகிற ஊர், கேட்கத்தான் செய்வார்கள்.

ஆனால் சமையலறையைப் பாருங்களேன்: பழம்புளி, சீரகம், கருப்பட்டி, மல்லி விதை. நாள் முழுக்கக் கையில் புரளும் நிறங்கள் இவைதான். எதுவும் கண்ணைப் பறிப்பதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக்கொடுக்கும்.

கம்பளியிலும் இதே கதைதான். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் செம்மறிகளே வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்பு என்று பல சாயலில் பிறக்கின்றன. சாயமே போடாமல் அந்த ரோமத்தை நூற்று, வேலைப்பாடுள்ள ஸ்வெட்டர்கள் பின்னுகிறார்கள். பாரிஸின் கோப்லன் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரல், 1839-இல் வெளியிட்ட நூலில், நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக்கொடுப்பதற்கான காரணத்தை விளக்கினார்: ஒரு நிறம் நம் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை அதன் பக்கத்து நிறமும் தீர்மானிக்கிறது.

பின்னுகிறவர்களுக்கு ஒரு யோசனை. இரண்டு நூற்கண்டுகளைச் சேர்த்துவைத்து, போனில் கறுப்பு வெள்ளையில் படமெடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் டிசைன் எடுபடாது. ஒன்று வெளிர், ஒன்று அடர்த்தி என்று பிரிந்தால் தைரியமாக ஊசியில் ஏற்றலாம்.

என் ஊசியில் இப்போது சீரகப் பழுப்பும் வெளிர் சாம்பலும். உங்களுக்குப் பிடித்த மங்கல் ஜோடி எது?