கமலாவின் காப்பு

2022 ஜூன் மாதம். பெற்றோல் இல்லை, கேஸ் இல்லை, பள்ளிக்கூடம் பாதி நாள் இல்லை. கரண்ட் எப்ப போகும் என்பதற்கு மட்டும் ஒழுங்காக டைம் டேபிள் இருந்தது. அந்த நாட்களில்தான் நாங்கள் ஐந்து பேர், கட்டுகஸ்தோட்டையில் ஒருத்தியின் வீட்டு மேல்மாடியில், ஒரே ஒரு ஃபோனைச் சுற்றி உட்கார்ந்து ‘மிஸ் மார்வல்’ பார்க்கத் தொடங்கினோம். கரண்ட் இருக்கும்போது டவுன்லோட் பண்ணி வைப்போம், போன பிறகு பார்ப்போம். சார்ஜ் நாற்பது வீதத்துக்குக் கீழே இறங்கினால் பிரைட்னஸைக் குறைப்போம். இருபதுக்குக் கீழே போனால் சண்டைக் காட்சிகளைத் தள்ளி விடுவோம். "பவர் இல்லாத ஊர்ல இருந்துகொண்டு பவர் உள்ள பிள்ளையப் பார்க்கிறம்" என்று எங்களில் ஒருத்தன் முதல் நாளே சொன்னான். அந்த ஆறு கிழமையும் அது எங்கட ஜோக்காக இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். கமலா கான் பதினாறு வயசுப் பிள்ளை. அமெரிக்காவின் ஜேர்சி சிட்டியில் இருக்கும் பாகிஸ்தானியக் குடும்பம். அவெஞ்சர்ஸ் என்றால் உயிர். டிரைவிங் டெஸ்டில் ஃபெயில். வீட்டில் அம்மாவின் கண்காணிப்பு. கொமிக்ஸில் 2013இல் தலைகாட்டி, 2014இல் தனிப் புத்தகமாக வந்தவள். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன். 2022 ஜூன் 8 முதல் ஜூலை 13 வரை ஆறு புதன்கிழமைகளில் ஆறு எபிசோடுகளாக டிஸ்னி பிளஸில் வந்தாள். நடித்தவர் இமான் வெள்ளானி. பெயரைக் கேட்டதும் நாங்கள் சிரித்து விட்டோம். எங்களுக்குக் கமலா என்றால் பக்கத்து வீட்டு அன்ரி, கொழுந்து பறிக்கிற பெரியம்மா, பள்ளிக்கூடத்துப் பழைய டீச்சர். உலகத்தைக் காப்பாற்ற வருகிறவளுக்கு எங்கட பெரியம்மாவின் பெயர்!

கமலாவின் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. கொமிக்ஸில் ஒரு மர்மப் பனி மூட்டம் அவள் உடம்பையே மாற்றி விடுகிறது. கையை நீட்டலாம், பெருக்கலாம், சுருங்கலாம், வேறொருவராக உருமாறலாம். சீரியலில் அப்படி இல்லை. பூட்டியின் பழைய காப்பு ஒன்று பார்சலில் வருகிறது. அதைப் போட்டதும் அவளைச் சுற்றி ஊதா ஒளி கற்களைப் போல இறுகுகிறது. அந்தரத்தில் படி கட்டலாம், கேடயம் பிடிக்கலாம். கொமிக்ஸ் வாசித்த ரெண்டு பேருக்குச் சரியான கோபம். "சக்தி உடம்புக்குள்ள இருந்தாத்தான் கமலா. காப்புல இருந்தா அது நகை."

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. கொமிக்ஸின் முதல் இதழில் கமலாவுக்குச் சக்தி வந்ததும் அவள் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? பொன்னிற முடி, வெள்ளைத் தோல், உயரமான உடம்பு என்று தன் ஆதர்ச நாயகி கெப்டன் மார்வலாகவே மாறி நிற்கிறாள். உலகத்தில் என்னவாக வேண்டுமானாலும் ஆகலாம் என்ற வரம் கிடைத்தவுடன், தான் இல்லாத ஒன்றாக ஆகிறாள். பிறகுதான், அந்த உருவம் தனக்குப் பொருந்தவில்லை என்பது அவளுக்குப் பிடிபடுகிறது. அவளுடைய பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. காயம் பட்டால் தன் சொந்த உருவத்துக்குத் திரும்பினால்தான் ஆறும். ஆறி முடிகிற வரைக்கும் உருமாற ஏலாது. ஆறிய பிறகு அகோரப் பசி.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருத்தி சும்மா சொன்னாள்: "எங்களுக்கும் உருமாறத் தெரியுந்தானே."

உண்மைதான். பஸ்ஸில் அம்மா கோல் எடுத்தால் எங்கள் குரல் தானாகச் சுருங்கி விடும். "ம்... சரி... வந்து பேசுறன்" என்று மூன்றே சொல். கடையில் சிங்களம் பேசும்போது ஒரு குரல், டியூஷனில் இங்கிலீஷ் பேசும்போது இன்னொரு குரல், கொழும்புப் பிள்ளைகள் முன்னால் மூன்றாவது தமிழ். 2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் முஸ்லிம்களின் வீடும் கடையும் பள்ளிவாசலும் எரிந்த கிழமையை எங்களில் ரெண்டு பேர் வீட்டுக்குள் லைட்டை அணைத்து வைத்துக் கழித்தவர்கள். அதற்குப் பிறகு பல மாசம் தங்கள் உம்மாமார் டவுனுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள் என்று சொன்னார்கள். அதுவும் ஒருவகைச் சுருங்கல்தான்.

உருமாறத் தெரியும் என்று சொன்னவளின் வீடு கலஹா பக்கத் தோட்டம் ஒன்றில். பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷமாக அவளிடம் இந்த உரையாடல் நடந்திருக்கிறது. "எந்த ஊர்?" "கண்டி." "கண்டியில எங்க?" "கலஹா." "கலஹாவுல எங்க?" "டவுன்ல இருந்து கொஞ்சம் உள்ளுக்கு." தோட்டத்தின் பெயர் வராது. லயம் என்ற சொல் வரவே வராது. நாங்கள் நாலு வருஷக் கூட்டாளிகள். ஒருத்தருமே அவள் வீட்டுக்குப் போனதில்லை. அவள் கூப்பிட்டதில்லை, நாங்களும் ஏனென்று கேட்டதில்லை.

சூப்பர்மேனின் பலவீனத்தை எடுத்துப் பாருங்கள். ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அவனைப் படைத்து 1938இல் வெளியே வந்தபோது அவனுக்குக் கிரிப்டோனைட் பிரச்சினை இல்லை. 1943இல் வானொலித் தொடர் ஒன்றில்தான் அது நுழைந்தது. பச்சைக் கல். பக்கத்தில் வந்தாலே அவன் சுருண்டு விழுந்து விடுவான். அந்தக் கல் எங்கிருந்து வந்தது? அவன் பிறந்த கிரகத்திலிருந்து. வெடித்துச் சிதறிய அவன் சொந்த ஊரின் ஒரு துண்டு. வேற்றூரில் அவனை யாராலும் வீழ்த்த ஏலாது, சொந்த ஊரின் ஒரு கல் வீழ்த்தி விடும். இவ்வளவு காலம் கார்ட்டூன் பார்த்தும் இது எங்களுக்கு உறைத்ததே இல்லை. எங்கட கூட்டாளிக்குத் தோட்டத்தின் பெயர் அப்படியொரு பச்சைக் கல்லாக இருந்தது.

கமலாவின் காப்பும் ஊரின் ஒரு துண்டுதான். ஆனால் அது அவளைச் சுருட்டிப் போடவில்லை. அதற்காகச் சும்மா பலமும் கொடுக்கவில்லை. ரெண்டாவது எபிசோடில் பள்ளிவாசல் கோபுரத்தில் தொங்கும் ஒரு சின்னப் பையனைக் காப்பாற்ற ஒளிப்படிகளில் ஏறுகிறாள். பாதியில் கண் முன்னே யாரோ ஒரு பெண்ணின் உருவம். கவனம் சிதறுகிறது, படி கரைகிறது, பையன் விழுகிறான். கடைசி நொடியில்தான் பிடிக்கிறாள். இடைஞ்சல் பண்ணியது அந்த உருவம்தான். சக்தி எந்த வழியாக வருகிறதோ அதே வழியாகத் தடுமாற்றமும் வருகிறது. அது யார், என்ன நடந்தது என்று தெரியாத வரைக்கும் அவளால் அந்தக் காப்பை ஒழுங்காகப் பாவிக்க ஏலாது. நண்பன் புரூனோ கண்டுபிடிப்பதும் இதுதான்: சக்தி அவளுக்குள்ளேயே இருக்கிறது, காப்பு அதைத் திறந்து விடுகிறது. எங்கட சண்டை அந்த இடத்தில் சமாதானத்துக்கு வந்தது.

ஐந்தாவது எபிசோட் ஜூலை 6. அந்தக் கிழமை கூட்டாளி தன்பாட்டில் சொன்னாள்: "அம்மாயிக்குச் சுகமில்ல, நான் வீட்டுக்குப் போறன். வாறதெண்டா வாங்க." நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். பேராதனை தாண்டி, ஃபுட்போர்டில் தொங்கி, கலஹாவில் இறங்கி, தேயிலைக்குள்ளால் முக்கால் மணித்தியால நடை. லயத்து இஸ்தோப்பில் பாய் போட்டுத் தந்தார்கள். பிளேன்டீயும் ரொட்டியும். அம்மாயியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார்.

அந்த எபிசோடை இயக்கியவர் பாகிஸ்தானின் ஷர்மீன் ஒபைத் சினோய். கதை 1947க்குப் போகிறது. இந்தியா பிரிகிறது. ரயில் நிலையத்தில் சனக் கடல், மூட்டை முடிச்சு, அழுகை. அந்த நெரிசலில் கமலாவின் பாட்டி சனா, அப்போது நடை பழகிய குழந்தை, தகப்பனின் கையை விட்டுத் தொலைந்து போகிறாள். பாஷை விளங்காத அம்மாயி ஃபோனைக் கிட்ட வாங்கிப் பார்த்தார். "ஏன் புள்ள, இது தலைமன்னாரா?"

நாங்கள் இல்லை என்றோம். அவர் கேட்கவில்லை. "இப்படித்தான் இருந்துச்சு."

சரியாக அந்த இடத்தில் ஃபோன் செத்தது. கரண்டும் இல்லை. இருட்டில் அம்மாயி பேசத் தொடங்கினார்.

பாடப் புத்தகத்தில் எங்களுக்கு இது ஒரு பந்தி. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத்தில் சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். பரீட்சைக்கு இந்த எண்களைப் பாடமாக்கி எழுதியிருக்கிறோம். ஒரு வீட்டுக்குள்ளும் இதே கணக்கு நடந்திருக்கும் என்று யோசித்ததே இல்லை.

அம்மாயியின் அக்காவுக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்தது. அம்மாயியின் புருஷன் வீட்டாளுகள் இலங்கைக்கு எழுதியிருந்தார்கள். ஒரே லயத்தில் பிறந்த ரெண்டு பேர், ரெண்டு நாடு. கண்டியில் இருந்து கோச்சி. வழியனுப்ப வந்தவர்கள் கத்திய கத்தலில் அதற்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயராகி விட்டதாம். அம்மாயி தலைமன்னார் வரைக்கும் கூடவே போயிருக்கிறார். அங்கிருந்து கப்பல். கப்பலுக்கு முன்னால் அக்கா தன் கையில் இருந்த ஜோடி வெள்ளிக் காப்பில் ஒன்றைக் கழற்றித் தங்கச்சிக்குப் போட்டு விட்டார். மற்றது அக்காவோடு கூடலூருக்குப் போனது. கொஞ்சக் காலம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

கம்பளிக்குள் இருந்து கையை நீட்டிக் காட்டினார். டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். தேய்ந்து கறுத்த காப்பு. கூட்டாளி பிறந்த நாளில் இருந்து பார்க்கிற காப்பு. "இதை ஏன் அம்மாயி எனக்குச் சொல்லவே இல்ல?" என்றாள். "நீ கேக்கவே இல்லையே."

ஒன்று யோசித்துப் பாருங்கள். தமிழில் கையில் போடுவதும் காப்பு, காவலும் காப்பு. திருவிழாவுக்குக் கட்டுவதும் காப்பு. இந்த ஒரு சொல்லுக்காகவாவது கமலா தமிழ்ப் பிள்ளையாகப் பிறந்திருக்கலாம்.

சீரியலைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ மாட்டோம். வில்லிக் கூட்டம் படு மொக்கை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதே மாறி மாறி வருகிறது. தலைவி நஜ்மா ஒரு நிமிஷத்தில் திருந்தி அடுத்த நிமிஷத்தில் செத்துப் போகிறாள். சக்தியின் விதிகள் கடைசி வரை தெளிவில்லை. ஆறு எபிசோடுக்குள் அமெரிக்கா, கராச்சி, 1947, வேற்றுலகம் எல்லாவற்றையும் அடைத்தால் பிதுங்கத்தான் செய்யும். ஆனால் சின்ன விஷயங்களில் பொய்யில்லை. பள்ளிவாசலில் நகியாவின் விலை கூடின சப்பாத்து களவு போகும் காட்சியில் எங்கட அக்குறணைக்காரன் உருண்டு சிரித்தான். பெண்கள் தொழும் பக்கம் மட்டும் பழுதடைந்து கிடப்பதைக் காட்டும்போது, கட்டுகஸ்தோட்டைக்காரி சிரிக்கவில்லை.

கடைசி எபிசோட் ஜூலை 13. அன்று விடியப்புறம்தான் நாட்டின் ஜனாதிபதி விமானம் ஏறி மாலைதீவுக்கு ஓடினார். கமலாவின் கதையிலோ ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் அவளைப் பிடிக்க வரும்போது தெருச் சனம் முழுக்க நடுவில் வந்து நிற்கிறது. அவள் பறந்து தப்பவில்லை, ஆட்கள் மறைத்துக்கொண்டார்கள். நாலு நாளைக்கு முன்னால் கொழும்பில் திரண்ட சனத்தை நியூஸில் பார்த்திருந்த எங்களுக்கு அது சினிமாவாகத் தெரியவில்லை. பிறகு என்னென்ன மாறியது, மாறவில்லை என்பது வேறு கதை.

அடுத்த வருஷம் நவம்பரில் வந்த ‘தி மார்வல்ஸ்’ படத்தில், கமலாவின் காப்புக்கும் ஒரு ஜோடி இருப்பதாகக் கதை. தியேட்டரில் அதைப் பார்த்ததும் நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்தோம். கூடலூர்ப் பக்கம் யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கூட்டாளி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் கெம்பஸில் முதல் நாள் "எந்த ஊர்?" என்று கேட்டபோது தோட்டத்தின் பெயரையும் டிவிஷனின் பெயரையும் சேர்த்துச் சொன்னாளாம். குரல் நடுங்கினதாம். சொல்லி முடித்த பிறகு சரியான பசியாம்.

ஒன்று சொல்ல மறந்து விட்டோம். அந்த ஐந்தாவது எபிசோடின் மிச்சத்தைக் கண்டிக்கு வந்துதான் பார்த்தோம். ரெண்டு நாள் கழித்து அம்மாயி கோல் எடுத்தார். சுகம் விசாரிக்கத்தான் என்று நினைத்தோம்.

"ஏன் புள்ள, கோச்சியடியில தொலஞ்ச அந்தக் கொழந்த என்னாச்சு?"

"அப்பாகிட்டப் போய்ச் சேந்துருச்சு அம்மாயி. நட்சத்திரம் மாதிரி ஒரு வெளிச்சம் வழி காட்டுச்சு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகி விட்டதோ என்று பார்த்தோம்.

"ம்... நல்லது," என்றார். "அங்க கரண்ட் வந்துருச்சா?"