கட்டளையின் மகன்

நியூயார்க்கில் யூத நண்பர் ஒருவரின் இல்லவிழாவிற்கு நாங்கள் சென்றிருந்தோம். அவர் மகனுக்கு 13 வயது நிறைந்திருந்தது. விழாவின் பெயர் பார் மிட்ஸ்வா. ‘கட்டளையின் மகன்’ என்று பொருள். இனி அவன் பிழைகளுக்குத் தந்தை பொறுப்பாளியல்லர்.

சனிக்கிழமை காலை தொழுகைக்கூடத்தில் தோரா சுருளை விரித்தனர். தோலில் கையால் எழுதிய அச்சுருளில் உயிர்க்குறிகளும் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. இரண்டையும் மாதக்கணக்கில் பயின்று நெஞ்சில் ஏற்றி வந்தே ஓதவேண்டும். எழுத்தை விரலால் தொடலாகாது. கைவடிவ முனையுடைய வெள்ளிச் சுட்டுக்கோலால் வரியைத் தொடர்ந்தான் சிறுவன். பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் போதகர் நடுவே அமர்ந்திருந்த இயேசு எங்கள் நினைவில் வந்தார். உடைகின்ற பருவத்துக் குரல் ஒரு சொல்லில் தவறிற்று. அருகில் நின்றவர் மெல்லத் திருத்த, மீண்டும் ஓதினான்.

இரவு விருந்து ஆடம்பர விடுதியில். பனிக்கட்டிச் சிலை, இசைக்குழு, மேசைதோறும் மலர்க்குன்று. சிறுவனை நாற்காலியோடு தூக்கி ஆடினர். கடன் வாங்கிப் புதுநன்மை விருந்து வைப்போரை அறிந்த எங்களுக்கு வியப்பு எழவில்லை, வருத்தமே எழுந்தது.

இன்று எப்போது அஞ்சினாய் என்று அவனைக் கேட்டோம்.

“அந்தச் சொல்லில்” என்றான். பேரிரைச்சலுக்கிடையே எங்கள் செவியருகே குனிந்து, அதனைப் பிழையின்றி ஒலித்துக் காட்டினான்.