விடை வீட்டில் இருக்கும் கேள்வி

ஆம்பூரில் தோலைத் தரம் பிரிப்பதற்கு 'செலக்‌ஷன்' என்று பெயர். மேஜையில் விரித்த தோலில் தேடுவது குறையைத்தான்: உண்ணி கடித்த தடம், முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டு. குறையைப் பொறுத்து அடுக்கு மாறும், விலை மாறும். என் அப்பாவுக்கு ஆயுசு முழுக்க அதுதான் வேலை. தோலுக்கு அது சரியான முறை. ஜவ்வாது மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றுக்கு நான் ஆசிரியராகப் போனபோது, எங்கள் பதிவேடுகளும் பிள்ளைகளை அப்படித்தான் பிரித்து வைத்திருந்தன. முதல் தலைமுறை, மெல்லக் கற்பவர், தொடர்ந்து வராதவர். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

இந்த மலை திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். பேசுவது தமிழ். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கூடலூரில் பணியர், பெட்டக்குறும்பர் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளியில் வகுப்புக்குள் நுழைந்த உடனே வேறு மொழி காதில் விழும்; இவர்கள் வேறு உலகத்துப் பிள்ளைகள் என்று ஆசிரியருக்கு உறைக்கும். இங்கே அந்த எச்சரிக்கை கிடையாது. "தமிழ்தானே பேசறாங்க, இவங்களுக்குத் தனியா என்ன பாடம்?" என்று கேட்டுவிடலாம். அதே தமிழில்தான் 'காட்டுப் பசங்க' என்ற சொல்லும் ஆசிரியர் அறையில் சாதாரணமாகப் புழங்கும்.

மரியாதையை அறிவுரையாகப் போதித்து நான் பார்த்தவரை பலன் இல்லை. உலகப் பழங்குடியினர் நாளான ஆகஸ்ட் 9 அன்று பிள்ளைகளுக்கு வேஷம் கட்டி ஆடவிடுவதாலும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மறுநாள் காலை கரும்பலகையில் யாருடைய அறிவு ஏறுகிறது என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

பெயருக்கு நான் சமூக அறிவியல் ஆசிரியர். ஆள் பற்றாக்குறையில் கணக்கும் என் தலையில். ஏழாம் வகுப்புக்கு விகிதமும் சதவீதமும் நடத்தும்போது சாமையை எடுத்துக்கொள்வேன். ஆடியில் விதைத்து ஐப்பசியை ஒட்டி அறுப்பது இம்மலையின் வழக்கம். ஒரு படி சாமையைக் குத்திப் புடைத்தால் எவ்வளவு அரிசி தேறும் என்பதுதான் கேள்வி. புத்தகத்தில் விடை இல்லை. பிள்ளைகள் வீட்டில் கேட்டுவர வேண்டும், கேட்டதை வகுப்பில் அளந்து பார்க்க வேண்டும். ஊரிலிருந்து ஓர் ஆயா உலக்கையோடு வந்து உட்காருவார். முதல் குத்தில் உமி, அடுத்த குத்தில் தவிடு. முறத்தில் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டும் தனித்தனியே ஒதுங்கும். பாதிப்படிக்குச் சற்றுக் கூடவோ குறையவோ அரிசி நிற்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வோர் எண். "ஏன் ஆயா ஒண்ணுபோல வரல?" என்று கேட்டால், "காய்ச்சல் பத்தலைன்னா உமி விடாது வாத்தியாரே, ரொம்பக் காஞ்சா நொய்யாப் போவும். எந்த வெயில்ல காஞ்சதுன்னு கேளு மொதல்ல" என்பார். சராசரி, ஏற்ற இறக்கம், அதற்கான காரணம் என்று மூன்று பாடத்தை அந்த ஒரே பதிலில் நடத்திவிடலாம்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பது ஒரே விஷயத்தில்: சாமைக் கேள்வி தேர்வுத் தாளிலும் வர வேண்டும், அதற்கு மதிப்பெண் இருக்க வேண்டும். மதிப்பெண் இல்லாத பாடம் பொழுதுபோக்கு என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆயாவை அழைத்துக் கைதட்டிவிட்டு, தேர்வில் அவரை விட்டுவிட்டால், அழைத்ததே அவமரியாதையாகப் போய்விடும்.

வரலாற்றுப் பாடத்தில் இன்னும் ஒரு படி கவனம் தேவை. புதிய கற்காலம் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கும் வழவழப்பான கற்கோடாரிகள் இம்மலையின் சில ஊர்களில் மரத்தடியில் சாமியாக இருக்கின்றன. பொட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆசிரியருக்கு ஆசை வரும்: ஒன்றை எடுத்து வந்து மேஜையில் வைத்துக் காட்டினால் என்ன? கூடாது. முதலில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் உத்தரவு கேட்க வேண்டும். மரத்துக்கு முன்பே செருப்பைக் கழற்ற வேண்டும். தொடாமல், தள்ளி உட்கார்ந்து, பிள்ளைகள் படம் வரையலாம். தொல்லியல் சொல்லும் காலத்தை நான் சொல்வேன்; சாமி வந்த கதையை ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார். இரண்டையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொல்வேன். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எந்தப் பிள்ளையும் என்னை இதுவரை நெருக்கியதில்லை. அவசரப்படுவது பெரியவர்கள்தான்.

கேட்கக் கூடாத கேள்விகளும் உண்டு. 'என் தந்தையின் தொழில்' என்ற கட்டுரைத் தலைப்பை நான் கொடுப்பதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலையிலிருந்து மரம் வெட்டப் போனவர்களும் அவர்களில் உண்டு. அதன் பிறகும் வெளியூர் போன அப்பா எங்கே என்பது சில வீடுகளில் பேசப்படாத பேச்சு. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியும் மலையாளிகளின் ஊர்தான். 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நடத்திய வன்கொடுமைக்கு, 2011-ல்தான் தண்டனை வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை 2023 செப்டம்பரில் உறுதி செய்தது. பள்ளியும் அரசின் இன்னொரு துறைதான். காக்கிச் சட்டையைக் கண்டு பயந்த ஒரு பாட்டி, பேரனைக் கொண்டுவந்து என்னிடம் விடும்போது, நானும் அந்த வரிசையில் ஒருவன்தான். அவர் வாசலிலேயே நின்றால் உள்ளே அழைத்து நாற்காலி போடுவதிலிருந்துதான் என் வேலை தொடங்குகிறது.

வேறு நாடுகளின் அரசுகளும் இந்த வரிசையில் நின்றவைதான். ஆஸ்திரேலியாவில் 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளின் தலைமுறைகளிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைச் சேர்த்த உறைவிடப் பள்ளிகள் என்ன செய்தன என்பதை ஓர் ஆணையம் விசாரித்து 2015-ல் 94 பரிந்துரைகளை வைத்தது. நம் பள்ளிகளை அவற்றோடு வைத்துப் பேசுவது நியாயமில்லை. இங்கே பெற்றோர் விரும்பித்தான் சேர்க்கிறார்கள், விடுமுறைக்குப் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். ஆனாலும் உறைவிடப் பள்ளி எதுவானாலும் பிள்ளையை ஆயாவின் அடுப்படியிலிருந்து தூரமாக்குகிறது. தூரத்தை நாம் உண்டாக்கிய பிறகு, பாலம் போடுவதும் நம் பொறுப்பு.

வீட்டையும் பள்ளியையும் இப்படி இணைப்பது எங்கள் தோல் பட்டறை வட்டாரத்துக்குப் புதிய பாடமும் இல்லை. வாணியம்பாடியில் 1919-ல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. இவ்வட்டாரத்தின் தோல் வணிகக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகள் தங்கள் அடையாளத்தோடு படிக்கத் தாங்களே பள்ளிகளைக் கட்டின. உருது வழிக் கல்வி இன்றும் இங்கே உண்டு. அதனால் யாரும் சிறுத்துப் போகவில்லை. கையில் காசிருந்த சமூகம் தானே செய்துகொண்டதை, சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் சமூகத்துக்கு அரசுப் பள்ளிதான் செய்து தர வேண்டும்.

பெற்றோரிடமிருந்து வரும் எதிர்ப்பை நான் மதிக்கிறேன். "சாமை குத்தறது எங்களுக்குத் தெரியும் சார். இங்கிலீசு சொல்லிக் குடுங்க" என்பார்கள். ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி 2024-ல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற பிறகு இந்தக் குரல் கூடியிருக்கிறது, கூட வேண்டியதுதான். ஆங்கிலமும் தேர்வும் பிள்ளையின் உரிமை, அதில் ஒரு மணி நேரம்கூட நான் குறைப்பதில்லை. சாமைக் கணக்கைச் செய்த பிள்ளை சதவீதத்தை மறப்பதில்லை என்று அவர்களிடம் நோட்டைக் காட்டுவேன். அதற்குமேல் வாதாடுவதில்லை.

மலைக்கு வரும் ஆசிரியர் பெரும்பாலும் மாறுதல் கலந்தாய்வை எதிர்பார்த்தே வருகிறார். அவரோடு அவர் கற்றதும் இறங்கிப் போகிறது. இதற்கு நிலையான மருந்து மலையிலேயே பிறந்த ஆசிரியர்கள். எங்கள் பழைய மாணவிகளில் சிலர் இப்போது பி.எட். படிக்கிறார்கள். அவர்கள் வந்து சேரும்வரை நான் சக ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான்: வாரத்துக்கு ஒரு கேள்வியாவது, விடை வீட்டில் இருக்கும்படி கேளுங்கள், அதற்கு மதிப்பெண் கொடுங்கள், விடை சொன்னவர் பெயரை நோட்டில் எழுதி, அந்த நோட்டை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்குங்கள்.