ஸ்பிட்ஃபயர் என்ன விலை?

பழைய காருக்கு மூன்று விலை உண்டு. விற்பவர் மனதில் இருக்கும் விலை, வாங்குபவர் வாயில் வரும் விலை, வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும் விலை. முதல் இரண்டும் பேசப் பேச மாறும். மூன்றாவதைத் தெரிந்துகொள்ளச் சட்டை அழுக்காக வேண்டும்.

போன குளிர்காலத்தில் என் சட்டை அழுக்கானது. தில்லி முனிர்க்காவில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு கோவையில் முதியோர் குடியிருப்புக்குப் போக முடிவு செய்திருந்தார். மத்திய அரசில் பொறியாளராக இருந்த மாமா இறந்து மூன்று ஆண்டு. பாத்திரம், பண்டம், புத்தகம் எல்லாம் போக இடம் கிடைத்துவிட்டது. பாக்கி இருந்தது கராஜில் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற சிவப்பு கார்: 1965ஆம் வருட ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், இரண்டாம் மாடல். இரண்டே இருக்கை, துணிக்கூரை.

"நீ பத்திரிகைல இருக்கே. நாலு பேர்கிட்ட விசாரிச்சு நியாயமான விலை என்னன்னு சொல்லேன். நாம ஏமாறவும் வேண்டாம், யாரையும் ஏமாத்தவும் வேண்டாம்" என்றார் மாமி.

அதற்குள் இரண்டு விலை வந்துவிட்டிருந்தது. ஒரு தரகர் வந்து தார்ப்பாயை முழுக்கக்கூட விலக்காமல், "மூன்றரை லட்சம், கையில் ரொக்கம்" என்று சொல்லிப் போயிருந்தார். நியூ ஜெர்சியில் இருக்கும் மருமான் இணையத்தில் தேடிவிட்டு, "பதினெட்டு லட்சத்துக்கு ஒரு ரூபாய் குறையாதே, அத்தை" என்றிருந்தான். அதே குடியிருப்பில் வளர்ந்த பஞ்சாபிப் பையன் ஒருவன், இப்போது கணினிப் பொறியாளன், சிறு வயதிலிருந்து அந்தக் காரைச் சுற்றி வந்தவன், தனக்கே வேண்டும் என்றான். விலையை மட்டும் சொல்லவில்லை. "நீங்களே சொல்லுங்கள், ஆன்ட்டி" என்று விட்டுவிட்டான். விலை பேசுபவனைவிட இப்படி விட்டுவிடுபவனிடம்தான் சங்கடம் அதிகம்.

ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். நம் வாசகர்களில் பலருக்கு அதன் உறவினரைத் தெரிந்திருக்கும். 1961 முதல் மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் அது. ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். வீட்டுக்கு அடங்கிய அண்ணன் ஹெரால்டு என்றால், ஊர் சுற்றும் தம்பி ஸ்பிட்ஃபயர்.

மாமியின் கார் தூதரக ஊழியர் ஒருவரோடு இந்தியா வந்தது. அந்தக் காலத்தில் தூதரகத்தார் ஊர் திரும்பும்போது விட்டுச் சென்ற கார்கள் பல, அரசு வணிகக் கழகத்தின் வழியாகக் கைமாறின. இதுவும் அப்படித்தான் 1968இல் ஒருவரிடம் போய், 1974இல் மாமாவிடம் வந்தது.

மருமான் சொன்ன விலையை முதலில் பார்த்தேன். அது பொய் இல்லை. ஆனால் அது அமெரிக்காவில் கேட்கும் விலை, கொடுத்த விலை அல்ல. இரண்டுக்கும் நடுவே பெரிய ஆறு ஓடுகிறது. தவிர, அங்கே இந்தக் காரின் திருகு முதல் கதவு வரை பட்டியல் பார்த்து வாங்கலாம். இங்கே ஒரு கண்ணாடி உடைந்தாலும் கடல் தாண்டி வர வேண்டும். அங்குள்ள விலைப் புத்தகங்களும் ஒரு காருக்கு ஒரே விலை போடுவதில்லை. குறையே இல்லாதது, மிக நல்லது, நல்லது, சுமார் என்று நான்கு தரம் பிரித்து விலை சொல்கின்றன. ஆகவே 'ஸ்பிட்ஃபயர் என்ன விலை' என்ற கேள்விக்கே பதில் கிடையாது. 'இந்த ஸ்பிட்ஃபயர் என்ன விலை' என்றுதான் கேட்க முடியும்.

பழைய கார் விளம்பரங்களை நிறையப் படித்தேன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அவை நல்ல விருந்து. 'முழுவதும் புதுப்பிக்கப்பட்டது' என்றால் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். 'சின்ன வேலை பாக்கி' என்றால் பெரிய வேலையை ஆரம்பிக்கவே இல்லை. 'காதலர்களுக்கு மட்டும்' என்றால் கணக்குப் பார்ப்பவர்கள் வர வேண்டாம். எல்லா விளம்பரத்திலும் வரும் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு மட்டும் என்னால் பொருள் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லித் தந்தவர் கரோல்பாகில் ஐம்பது ஆண்டாகப் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டும் சர்தார்ஜி.

அவர் கொண்டுவந்த கருவிகள் ஒரு டார்ச், மெல்லிய துணி சுற்றிய காந்தம், பழைய பாய். காந்தத்தை உடம்பெங்கும் ஓட்டினார். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டியது. பட்டி பூசி மூடிய இடத்தில் வழுக்கி விழுந்தது. இடது கதவுக்குக் கீழே மூன்று இடத்தில் விழுந்தது.

"இங்கேதான் உயிர் இருக்கிறது" என்றார். கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டி போன்ற தகடு அது. ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேஸிஸ் இருந்தாலும் விறைப்புக்கு இந்தத் தகடுகளும் முக்கியம். இவை துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்யும். அதைக் கண்டுபிடிக்கக் காந்தம்கூட வேண்டாம். கதவின் பின்பக்கத்து இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மேலே குறுகினால் தொய்வு. மாமியின் காரில் வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கம் ஒரு நூல் குறுகியிருந்தது.

அடுத்து என்னைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, என்ஜினின் முன்னால் இருக்கும் புல்லியைப் பார்த்தார். மிதிக்கும்போது அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்தால், உள்ளே த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அது கழன்று விழுந்தால் என்ஜின் பிளாக்கே வீண். நகரவில்லை. பிறகு முன்சக்கரம் திரும்பும் மூட்டு. அதன் அடியில் ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலப் பாகம். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். பல பட்டறைகளில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். உள்ளே துரு ஏறி, ஒருநாள் ஓடும்போதே மூட்டு ஒடிந்து சக்கரம் மடங்கும். இங்கே ஆயில் கசிந்த தடம் இருந்தது. "வைத்திருந்தவர் விவரம் தெரிந்தவர்" என்றார் சர்தார்ஜி.

அதன் பிறகுதான் அவர் முகம் மாறியது. இந்தக் காரின் பானெட், மட்கார்டுகளோடு ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். என்ஜின் முழுவதும் கண்முன்னே நிற்கும். இரட்டை கார்புரெட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. என்ஜின் எண் எஃப்.சி. என்று தொடங்கி எச்.இ. என்று முடிய வேண்டும், அப்படி இல்லை. 1147 சி.சி. ஸ்பிட்ஃபயர் என்ஜின் அங்கே இல்லை. இருந்தது மெட்ராஸ் ஹெரால்டின் 948 சி.சி. என்ஜின். ஒரே குடும்பத்து என்ஜின் என்பதால் அச்சாகப் பொருந்தியிருந்தது. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது.

தமிழ் எம்.ஏ. படித்தபோது ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் முறையைப் பாடமாக வைத்திருந்தார்கள். எது மூல பாடம், எது பிற்காலத்தில் வந்து ஒட்டியது என்று பிரிப்பதுதான் பதிப்பாசிரியரின் முதல் வேலை. இடைச்செருகல் இருப்பதால் ஒரு நூல் மதிப்பு இழந்துவிடாது. ஆனால் இடைச்செருகலை மூலம் என்று சொல்லி அச்சிடுவது குற்றம். கார் விலையிலும் இதுதான் நியாயம் என்று அந்தக் கராஜில் தோன்றியது. காரோடு பிறந்த என்ஜின் இருப்பது ஒரு விலை, இல்லாதது வேறு விலை. இரண்டுமே நேர்மையான விலையாக இருக்க முடியும்.

என்ஜின் எப்போது மாறியது என்பதற்குச் சாட்சி மாமி வீட்டு அலமாரியிலேயே இருந்தது. மாமா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். 1974 முதல் வண்டிக்குச் செய்த ஒவ்வொரு வேலையும் தேதி, கிலோமீட்டர், செலவோடு நுணுக்கித் தமிழில் எழுதியிருந்தது. 1979 ஜூனில், கிராங்க் போய்விட்டது, உதிரிப் பாகம் கிடைக்க வழியில்லை, மெட்ராஸிலிருந்து ஹெரால்டு என்ஜின் ரயிலில் வந்து சேர்ந்தது என்ற குறிப்பு. பழைய என்ஜின் சில ஆண்டு கழித்துப் பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கிறது. ட்ரன்னியனுக்குக் கியர் ஆயில் விட்ட தேதிகள் பக்கத்துக்குப் பக்கம்.

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். புதிய என்ஜின் எண் 1979லேயே முறைப்படி பதிவாகியிருந்தது. இது பெரிய ஆறுதல். தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது மாமா வண்டியைக் கராஜிலேயே நிறுத்திவிட்டார். 2021 ஜூலையில் மத்திய அரசு வேறு கதவு ஒன்றைத் திறந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதிந்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். தினசரி ஓட்டத்துக்கு அல்ல. பேரணி, கண்காட்சி, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டும். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், உடல், என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி. என்ஜின் மாறிய வண்டியை அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பது வாங்குபவர் தலையில் விழும் கவலை. அதற்கும் விலையில் இடம் தர வேண்டும்.

கணக்குப் போட்டோம். இதே மாதிரி காரை, ஓடும் நிலையில், காகிதங்களோடு வாங்கிய இருவர் தாங்கள் கொடுத்த பணத்தை என்னிடம் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவே 14 லட்சம் வந்தது. சர்தார்ஜி செலவுப் பட்டியல் சொன்னார். தகடு மாற்றி டிங்கரிங், பெயின்டிங் இரண்டேகால் லட்சம். பிரேக், டயர், ஸ்டியரிங் 90,000. வயரிங் 40,000. கூரை, சீட் 70,000. என்ஜினைத் திறந்து மூட ஒரு லட்சம். மொத்தம் ஐந்தேகால். பிரித்த பிறகு தெரியவரும் செலவுக்கு இன்னொரு லட்சம். மூல என்ஜின் இல்லாததற்கும் பதிவுக் கவலைக்கும் ஒன்றரை லட்சம் கழித்தேன். இனிக் கூட்டுவதற்கும் ஒன்று இருந்தது. நாற்பது ஆண்டு வரலாறு எழுத்தில் இருக்கும் காரை வாங்குபவன் இருட்டில் குதிக்கவில்லை. நோட்டுக்கு ஐம்பதாயிரம் என்றார் சர்தார்ஜி. ஆறே முக்கால் லட்சம்.

பாக்கி ஒரு கேள்வி. பையனுக்குத் தமிழ் தெரியாது. நோட்டை ஆங்கிலத்தில் எழுதித்தரச் சொல்லிக் கேட்டிருந்தான். என்ஜின் மாறியது அவனுக்குத் தெரியாது. அவன் சொந்தமாகக் கண்டுபிடிக்கவும் மாட்டான். அந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால் எட்டேகால் லட்சம் தாராளமாகக் கேட்கலாம். ஒன்றரை லட்சம் என்பது கோவையில் மாமிக்குப் பல மாதச் செலவு. மொழிபெயர்ப்பவன் தானாக வரியை விடுவதும் சேர்ப்பதும் கிடையாது. ஆனால் நோட்டு மாமியுடையது. என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் எழுதிக் குடு. அவரே மறைக்காம எழுதி வெச்சிருக்கார். நான் எதுக்கு மறைக்கணும்?" என்றார் மாமி. சற்று நேரம் கழித்து, "விலை குறையறதேன்னு இருக்கு. இல்லேன்னு சொல்லலை" என்றார்.

நாற்பத்தாறு பக்கத்தையும் மொழிபெயர்த்தேன். பையன் படித்துவிட்டு ஒருநாள் அவகாசம் கேட்டான். மறுநாள் தன் பங்குக்கு ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தான். அவர் தேடியும் நோட்டில் இல்லாத குறை எதுவும் அகப்படவில்லை. ஆறே முக்காலுக்குப் பேரமே இல்லாமல் தலையாட்டினான். இரு பக்கமும் எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகும் நிற்கும் விலை எதுவோ அதுதான் நியாயமான விலை. அதற்கு முன்னால் சொல்வதெல்லாம் சூதாட்டம்.

ஆர்.சி. இன்னும் மாமா பெயரில் இருந்ததால், முதலில் வாரிசு என்ற முறையில் மாமி பெயருக்கு மாற்ற 31ஆம் எண் படிவம், பிறகு பையன் பெயருக்கு மாற்ற 29, 30ஆம் எண் படிவங்கள். எல்லாம் முடிய இரண்டு மாதமானது. லாரியில் ஏற்றும் அன்று மாமி கீழே வந்து நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குப்பியைப் பையன் கையில் கொடுத்தார். கிரீஸ் அடிக்கக்கூடாது என்று இந்தியில் இரண்டு தரம் சொன்னார். பையன் மூன்றாவது தரம் தானே சொல்லிக் காட்டினான்.