சீக்கிரம் நுழைந்தால் தப்பா?
பாத்ஃபைண்டர் என்று ஒரு விளையாட்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்ப்பார்கள். அதில் 'மிஸ்டிக் தியர்ஜ்' ஆகிவிட்டால் மந்திரவாதியின் வித்தை, பூசாரியின் வித்தை இரண்டும் சேர்ந்தே வளரும். அதற்கு முதலில் மந்திரவாதியாக மூன்று லெவல், பூசாரியாக மூன்று லெவல் ஏற வேண்டும். அதுவரை இரண்டிலும் அரைகுறைதான்.

2013ல், சில இனத்தாருக்குப் பிறவியிலேயே வரும் மந்திரசக்தியும் தகுதிதான் என்றது பைசோ நிறுவனம். ஆறு லெவல் நாலானது. 2015ல் வாபஸ்!

நெய்வேலியில் 1957ல் தோண்ட ஆரம்பித்தார்கள். பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது 1961ல். மேல்மண்ணை அள்ளாமல் கரி கிடைக்காது. அங்கே காத்திருப்பு நியாயம்.

விளையாட்டில்? அந்த ஆறு லெவலும் விளையாடுகிற நேரம்தானே! அது வெறும் மண் அள்ளுவதாக இருந்தால், தப்பு அவசரப்பட்டவன் மேல் இல்லை, விதியின் மேல்தான். யோசித்துப் பாருங்கள்.