நடுங்கும் கையும் நேர்கோடும்

1995 இடப்பெயர்வின்போது ஷெல் துண்டு பட்ட நாளிலிருந்து என் வலது கை நடுங்கும். பன்ன வேலையை அன்றே விட்டுவிட்டேன். அம்மா இழைத்ததுபோல் ஒரு பாய் இனி என் கையால் வராது என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கனடாவிலிருந்து வந்த என் பெறாமகள் ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தாள். இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதியின் கண்காட்சிப் புத்தகம். 2016இல் நியூயோர்க்கின் மெட் பிரௌயர் கலைக்கூடத்தில் அதைப் பார்த்தாளாம். அவரது வாழ்நாள் உழைப்பிலிருந்து 130க்கு மேற்பட்ட ஆக்கங்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன.

புரட்டினேன். ஆளும் இல்லை, பூவும் இல்லை. எல்லாம் கோடுகள். பெரும்பாலானவற்றுக்குத் தலைப்புக்கூட இல்லை.

"இதென்ன படம் பிள்ளை?" என்று சிரித்தேன்.

ஒரு பக்கத்தில் தறியில் பூட்டிய நூல்களின் புகைப்படம் இருந்தது. அவரே எடுத்ததாம். அதைக் கண்டதும் கோடுகள் பிடிபட்டன. ஓலைக்குக் குறுக்கே ஓலை போகிற எங்கள் பாய்தான் அது!

1937இல் கராச்சியில் பிறந்த நஸ்ரீன் சிறுவயதிலேயே தாயை இழந்தவர். பரோடாவில் ஓவியம் கற்பித்தவர். அவர் இறந்தது 1990இல். நரம்பு நோய் உடலை முடக்கிய கடைசி ஆண்டுகளிலும் பேனாவும் மையும் கொண்டு மயிரிழை போன்ற நேர்கோடுகளைக் கீறினார் என்று பெறாமகள் வாசித்துச் சொன்னாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் சார்வோலை வாங்கிவந்தேன். பாய்க்குத் துணிவு வரவில்லை. ஒரு சிறு தடுக்கு இழைத்தேன். நான்கு நாள் சென்றது. ஒரு பக்கம் கோணல்தான்.

சகோதரிகளே, அதில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.