அப்பா நின்று பேசிய இடங்கள்

அப்பாவுக்குத் தெருவெல்லாம் சிநேகிதம். காலை நடையில் பால் பூத், பிள்ளையார் கோயில் வாசல், இஸ்திரி வண்டி என்று நின்று நின்று பேசிவிட்டுத்தான் வருவார். "ரிட்டயர் ஆனதும் அரட்டை ஜாஸ்தி" என்று அம்மா கேலி செய்வார். நாங்களும் சிரிப்போம்.

ஒருநாள் நானும் கூட நடந்தேன். பால் பூத்தில் யாருமே இல்லை. ஆனாலும் அப்பா நின்றார். கை நெஞ்சில் இருந்தது.

ஐந்து வருடங்களுக்கு முன் அவருக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதற்குள்ளேயே திசு வளர்ந்து மறுபடி அடைப்பு. ஆஞ்சியோ பார்த்த டாக்டர், "முதலில் லேசரால் கொஞ்சம் வழி பண்ணிவிட்டு, அப்புறம் பலூன் போடலாம்" என்றார்.

லேசர் என்றதும் எனக்கு நெருப்புதான் ஞாபகம் வந்தது. "ரத்தக்குழாய் பொசுங்கிடாதா டாக்டர்?"

பொறுமையாக விளக்கினார். இது எக்ஸைமர் லேசர். 308 நானோமீட்டர் புற ஊதா ஒளி. மணிக்கட்டு அல்லது தொடை வழியாக, ஒளியிழைகள் கொண்ட மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோவார்கள். ஒளி விட்டு விட்டுப் பாயும். ஒவ்வொரு முறையும் தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த ஆழத்துக்கே அடைப்பு துகளாகும். சுற்றியுள்ள இடம் பெரிதாகச் சூடாகாது. நடுவில் உப்புநீர் செலுத்தி ரத்தத்தை விலக்குவார்கள்.

"ஆபத்தே இல்லையா?"

"குழாய் கிழியவோ துளை விழவோ சின்ன வாய்ப்பு உண்டும்மா. எல்லோருக்கும் இது தேவைப்படாது. அப்பாவுக்குத் தேவை."

மறைக்காமல் சொன்னாரே, அந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே காத்திருந்தபோது போனில் தேடிப் படித்தேன். எக்ஸைமர் லேசர் திசுவைச் சுடாமல் செதுக்கும் என்று 1981-ல் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் சோதித்துப் பார்த்தாராம். கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லேசிக் சிகிச்சைக்கும் அதுவே ஆரம்பம்.

மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். "ஏன்ப்பா வலியைச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"உன் வீட்டு லோன் இப்பதானேம்மா ஆரம்பிச்சிருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதும் அப்பா பால் பூத்தில் நிற்கிறார். எதிரே பேச ஆள் இருக்கும்போது மட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவரும் நடையில் நின்று நின்று போகிறாரா? ஒருநாள் கூட நடந்து பாருங்கள்.